சார்ஜ் ஏறும் முன் நடக்கும் பேச்சு

மின்சார காருக்கு வீட்டிலேயே சார்ஜ் போடலாம் என்றதும் பலரும் கேட்பது, 'மழை நாளில் ஷாக் அடிக்காதா?' என்றுதான். நியாயமான பயம். அதற்கான பதில் சார்ஜ் கேபிளின் முனையிலேயே இருக்கிறது.

நம் ஊர்க் கார்களில் பரவலாக உள்ள டைப் 2 பிளக்கில் ஏழு துளைகள். ஐந்து பெரியவை: மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். மேலே உள்ள இரண்டு சிறிய துளைகள் பேட்டரிக்கு மின்சாரம் தருவதில்லை. காரும் சார்ஜரும் பேசிக்கொள்வது அவற்றின் வழியாகத்தான். கேபிள் சும்மா இருக்கும்போது அவற்றில் ஒன்றில் வெறும் 12 வோல்ட். காரில் செருகியதும் 9 ஆக இறங்கும். உடனே சார்ஜர் விநாடிக்கு 1000 முறை துடிக்கும் சமிக்ஞையை அனுப்பும். எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்பதைக் கார் அந்தத் துடிப்பின் அகலத்தை வைத்தே புரிந்துகொள்ளும். கார் தயாரானதும் 6 வோல்ட்டுக்கு இறக்கும். அப்போதுதான் சார்ஜருக்குள் 'டக்'கென்று காண்டாக்டர் என்ற சுவிட்ச் சேர்ந்து, 230 வோல்ட் பாயும். அதுவரை பெரிய துளைகளில் மின்சாரமே கிடையாது.

இந்தச் சமிக்ஞை சுற்றிவருவது எர்த் கம்பி வழியாக. கேபிளில் அது அறுந்தால் சார்ஜ் ஏறாது. வீட்டு எர்த் கெட்டிருந்தாலும் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் எர்த் இல்லாமலே ஓடும். அதனால் எர்த் குழி வறண்டு கிடப்பது பல வீடுகளில் கார் வந்த பிறகே தெரிகிறது. சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். எர்த் குழியைச் சரிசெய்வதுதான் வழி.

அடுத்தது வயரிங். 15 ஆம்பியர் சாக்கெட்டில் கார் ஏறத்தாழ 3 கிலோவாட் இழுக்கும். கீசரும் அவ்வளவு இழுக்கும், ஆனால் கால் மணி நேரம்தான். காரோ மணிக்கணக்கில் இழுக்கும். எனவே மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன், தனி எம்சிபி, மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆறேழு யூனிட் போதும்; இரவில் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். புது சாக்கெட் போட்ட அன்று, ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறியபின் பிளக்கின் மேல்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத அளவு சுட்டால் உள்ளே இணைப்பு லூஸ். சார்ஜை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.