டூட்டி நேரம் திருந்தட்டும்

திருவாரூருக்கு 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. குடவாசல் வட்டாரத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கும் மருத்துவப் படிப்பு எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. ஆனால், சேர்ந்தபின் ஐந்தரை ஆண்டுகள் அந்தப் பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது, எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்று நாம் கேட்பதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்ற அறிவுரையோடு நிறுத்திக்கொள்கிறோம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வறிக்கை, மருத்துவ மாணவர்களில் 27.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகக் கணக்கிட்டது. படிப்பில் சேர்வதற்கு முன்பும் பின்பும் அதே மாணவர்களைப் பரிசோதித்த ஆய்வுகளில், இந்த விகிதம் இடைநிலை அளவில் 13.5 புள்ளிகள் உயர்ந்திருந்தது. ஆகவே மாணவரின் மனத்திடத்தைக் குறை சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. மதகைத் திறக்காமல் கடைமடை விவசாயியைக் குறை சொல்வது எப்படித் தகாதோ, ஓய்வுக்கு நேரமே ஒதுக்காமல் ஒழுங்காகத் தூங்கச் சொல்வதும் அப்படித்தான்.

தூக்கம் கெட்டால் படிப்பும் கெடும். பகலில் கற்றதை மூளை நிலையான நினைவாக மாற்றும் வேலையில் ஆழ்ந்த உறக்கத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் விதித்த வரம்பே 0.03 விழுக்காடுதான். அமெரிக்காவின் பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. நீண்ட டூட்டி பார்த்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்டபோது செய்ததைவிட 35.9 விழுக்காடு கூடுதலாகக் கடுமையான பிழைகளைச் செய்தார்கள். மாணவரின் உறக்கத்தில் நோயாளியின் உயிரும் அடங்கியிருக்கிறது.

முந்தைய தலைமுறை மருத்துவர்கள் இப்படித்தானே தேறினார்கள் என்பார்கள். தேறியவர்கள் நம் கண்முன் இருக்கிறார்கள். உடைந்துபோனவர்கள் கணக்கில் வரவில்லை. டூட்டி நேரத்தைக் குறைத்தால் வார்டை யார் பார்ப்பது என்ற கேள்வி இதைவிட வலுவானது. அமெரிக்கக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், நீண்ட டூட்டியை நீக்கியபின் பிழைகள் குறையவில்லை, கூடின. காரணத்தையும் அந்த ஆய்வே காட்டியது: ஒரு மருத்துவர் கவனிக்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை ஏறியிருந்தது. நேரத்தைக் குறைப்பதோடு ஆட்களையும் கூட்ட வேண்டும் என்பதே அதன் பாடம்.

உறைவிட மருத்துவர்களின் தொடர் டூட்டி வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 1992-இலேயே சொன்னது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல், அவர்களுக்கு வாரத்துக்கு 74 மணி நேர உச்சவரம்பையும் ஒரு நாள் விடுமுறையையும் பரிந்துரைத்தது. அக்குழுவின் கணக்கெடுப்பில் இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகத் தெரிவித்திருந்தார்கள். இனி வேண்டியது செயல். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் தன் டூட்டிப் பட்டியலை எல்லோரும் பார்க்க வெளியிடட்டும். காலிப் பணியிடங்களை அரசு நிரப்பட்டும். கட்டணத்தையும் விடுதியையும் விசாரிக்கும் பெற்றோர், பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு கிடைக்கும் என்பதையும் விசாரிக்கட்டும்.