கிச்சன் காலி... வயிறு ஜாலி!

'இந்த லீவுல கிச்சனை இடிச்சுட்டு புதுசா பண்ணிடலாம்'னு உங்க வீட்டுல பேச்சு ஆரம்பிச்சிருக்கா? அப்படின்னா பாஸ், அடுத்த ஒரு மாசத்துக்கு உங்களுக்கு ரெண்டு வேலை காத்திருக்கு. ஒண்ணு, கொத்தனாருக்கு டீ வாங்கிட்டு வர்றது. ரெண்டு, 'இன்னிக்கு எங்கே சாப்பிடறது?'ங்கிற கேள்விக்கு மூணு வேளையும் பதில் கண்டுபிடிக்கறது. முதல் வேலை ஈஸி. ரெண்டாவதுலதான் மேட்டரே இருக்கு.

ஏன்னா, நீங்க சாப்பிடப் போற ஒவ்வொரு கடையும் ஒரு கிச்சன். அதுவும் எப்பேர்ப்பட்ட கிச்சன்? எட்டடிக்கு எட்டடி இடத்துல நின்னுக்கிட்டு, ஒரு ராத்திரியில நூத்துக்கணக்கான பேருக்குச் சுடச்சுட சமைச்சுப் போடற கிச்சன். ஷோரூம்ல பளபளன்னு நிக்கிற மாடலைவிட இந்தக் கடைகள்ல கத்துக்க வேண்டிய டிசைன் அதிகம். சிரிக்காதீங்க... இதுக்கு சரித்திர ஆதாரமே இருக்கு.

1920-களில் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரம், சாதாரண மக்களுக்காக ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டியது. அந்த வீடுகளுக்கு 1926-ல் கிச்சன் வரைந்து கொடுத்தவர் மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் ஆர்க்கிடெக்ட். அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அவ்வளவுதான் இடம்! அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது எதை தெரியுமா? ரயிலில் ஓடும் டைனிங் கார் சமையலறையை! அத்தனூண்டு பெட்டிக்குள்ள ரயில் முழுக்கச் சமைக்க முடியுதுன்னா, வீட்டுல ஏன் முடியாதுங்கிறதுதான் லாஜிக். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அந்த கிச்சன் பொருத்தப்பட்டது. இன்னிக்கு நாம 'மாடுலர்'னு சொல்ற அத்தனைக்கும் பாட்டி அதுதான். கூடவே ஒரு சுவாரஸ்யம்... அந்த டிசைன் போட்ட காலத்துல தனக்குச் சமையலே தெரியாதுன்னு பின்னாளில் அவரே சொல்லியிருக்கார். (நம்ம ஊர்ல கிச்சன் பிளான் போடறவங்கள்ல எத்தனை பேருக்கு ரசம் வைக்கத் தெரியும்? அதை விடுங்க.)

ஆக, சாப்பாட்டுக் கடையைப் பார்த்து வீட்டு கிச்சனை வரையறது ஒண்ணும் புது ஐடியா இல்லை. ஜெர்மனிக்காரங்களுக்கு ரயில்னா, எங்களுக்கு மதுரை இருக்கு!

தூங்கா நகரத்துல கிச்சன் இடிபட்டா பட்டினி கிடக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனா பட்ஜெட்டை முதல்லயே போட்டுடுங்க. வீட்டுல நாலு பேர், வேளைக்கு ஆளுக்கு 80 ரூபாய்னு வெச்சா ஒரு நாளைக்கு 960 ரூபாய். 'பத்தே நாள்ல முடிச்சுடலாம் சார்'னு சொல்வாங்க, நம்பாதீங்க. இடிக்கணும், பைப் மாத்தணும், சுவரைக் கொத்தி வயர் இழுக்கணும், பூசி தண்ணி விட்டுக் காயணும், அப்புறம் டைல்ஸ், கிரானைட், கடைசியா கார்பெண்டர். 25 நாள்னு பிடிச்சாலே 24,000 ரூபாய் ஆச்சு. ஒரு நல்ல சிம்னியோட காசு! கொட்டேஷன்ல இந்த வரி இருக்கவே இருக்காது. நீங்கதான் எழுதிச் சேர்க்கணும். ஹால் மூலையில ஒரு இண்டக்ஷன் ஸ்டவ் வெச்சு பால், சாதம், தயிருக்கு வழி பண்ணிக்கிட்டா இதுல பாதி மிச்சம்.

சரி, நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிக்கறது? மொபைல்ல ஸ்டார் எண்ணாதீங்க. உங்க வீட்டுக்குள்ளேயே ஊர்ல உள்ள கடையெல்லாம் சாப்பிட்டுப் பார்த்த ஆட்கள் வேலை பார்த்துக்கிட்டு இருக்காங்களே! கொத்தனார், சித்தாள் அக்கா, டைல்ஸ் ஒட்டற அண்ணன்... தினம் ஒரு ஏரியாவுல வேலை, தினம் ஒரு கடையில சாப்பாடு. வயித்துக்கும் ஒத்துக்கணும், பர்ஸுக்கும் ஒத்துக்கணும், மறுநாள் மூட்டை தூக்கத் தெம்பும் வேணும். இதைவிட நேர்மையான ரேட்டிங் எங்கே கிடைக்கும்? 'சால்னா தண்ணியா ஊத்துவான், போகாதீங்க தம்பி'ன்னு ஒரே வரியில தீர்ப்பு சொல்லிடுவாங்க.

காலையில இட்லிக் கடை. இன்னிக்கு சென்னை, சிங்கப்பூர்னு கிளை விரிச்ச முருகன் இட்லி கடை மதுரையில பொறந்ததுதான். ஆனா எங்க ஓட்டு, தெருமுனையில பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு. சாப்பிட்டு முடிச்சதும் கை கழுவிட்டு ஓடிடாதீங்க, ரெண்டு நிமிஷம் அந்த அக்காவைக் கவனிங்க. இடது பக்கம் இட்லிக் கொப்பரை, வலது பக்கம் மாவு வாளி, முன்னாடி மூணு சட்னி, முழங்காலை ஒட்டி இலைக்கட்டு. முப்பது பேருக்கு இட்லி வெச்சு முடிக்கிற வரைக்கும் ஓரடி நகர்றதில்லை!

இதையே 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பண்ணி 'வேலை முக்கோணம்'னு பேர் வெச்சாங்க. அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ்... இந்த மூணையும் கோடு போட்டு இணைச்சா வர்ற முக்கோணத்தின் சுற்றளவு 13 அடியிலிருந்து 26 அடிக்குள்ள இருக்கணும். அதைத் தாண்டினா சமையல் இல்லை, வாக்கிங்! எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் ஹால்ல இருந்தது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்... ஒரு காபி போட அம்மா 34 ஸ்டெப். அதுலயும் அப்பா 'சர்க்கரை பத்தலை'ன்னா 40.

சாயங்காலம் முள்முருங்கை அடை, பருத்திப்பால். பருத்திப்பால்னா பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டி, சுக்கு சேர்த்துக் காய்ச்சறது. சிமென்ட் தூசி அடைச்ச தொண்டைக்கு அமிர்தம்! வெயில் மண்டையைப் பிளந்தா விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா. மதியத்துக்கு ஏதாவது ஒரு மெஸ்... அயிரை மீன் குழம்பு இருக்கான்னு கேட்டுட்டு உட்காருங்க.

ராத்திரிதான் ஹீரோ என்ட்ரி. சிம்மக்கல் கோனார் கடையில கறி தோசை. கீழே தோசை, நடுவுல முட்டை, மேல கொத்துக்கறி. ஒண்ணு சாப்பிட்டா கண்ணு சொக்கும். அன்னிக்குத்தான் ஒரு விஷயம் கவனிச்சேன். முதல் தோசை அம்மா இலைக்கு வந்துச்சு. அம்மா பழக்கதோஷத்துல அதை அப்பா பக்கம் நகர்த்தப் பார்த்தாங்க. 'சாப்பிடுங்கக்கா, அவருக்கு வருது'ன்னு பரிமாறுறவர் அதட்டிட்டுப் போயிட்டார். எங்க வீட்டுல முதல் தோசை அம்மாவுக்குன்னு என்னிக்குமே விழுந்ததில்லை. உங்க வீட்டுல எப்படி?

கை வலிக்காத உயரம்

இனிமேதான் முக்கியமான சேதி. பொரிச்ச பரோட்டா, பன் பரோட்டா, கொத்து பரோட்டான்னு ஒரு வாரம் சுத்தினதுல, ஒரு பரோட்டாக் கடை வாசல்ல அம்மா அப்படியே நின்னுட்டாங்க. மாஸ்டர் மாவு விசிறுற பலகை இடுப்பு உயரத்துல இருந்துச்சு. பக்கத்துல தோசைக்கல் மட்டும் இன்னும் தாழ்வா, தொடை உயரத்துல.

"தம்பி, இந்தக் கல்லு தரையில இருந்து எம்புட்டு உயரம் வரும்?"

"அளந்தெல்லாம் வைக்கலக்கா. கை வலிக்காத உயரம்... அம்புட்டுத்தான்."

மறுநாள் காலையில அம்மா, மேடைக்குக் கல் அடுக்கிக்கிட்டு இருந்த கொத்தனார்கிட்ட போய், "அண்ணே, அடுப்பு வைக்கிற இடத்தை மட்டும் இறக்கணும்"னாங்க. வீடே அதிர்ச்சி! நானும் இஞ்ச் டேப்பை எடுத்தேன்.

கணக்கைப் பாருங்க. அம்மா உயரம் 4 அடி 11 அங்குலம். நிமிர்ந்து நின்னு கையை மடக்கினா, முழங்கை தரையிலிருந்து 37 அங்குலம். பழைய மேடை 34 அங்குலம். அதுமேல கேஸ் ஸ்டவ் 5 அங்குலம். அதுமேல குக்கர் 8 அங்குலம். கூட்டினா 47! அதாவது முழங்கைக்குப் பத்து அங்குலம் மேலே கையைத் தூக்கி, இருபது வருஷமா சாம்பார் கிண்டிக்கிட்டு இருந்திருக்காங்க. ராத்திரி ராத்திரி தோள்பட்டையில தைலம் தேய்ச்சுக்கிட்டதுக்குக் காரணம் வயசுன்னு நாங்க எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தோம்.

காய் நறுக்கறதுக்கு முழங்கையைவிட நாலு முதல் ஆறு அங்குலம் தாழ்வா மேடை இருந்தா போதும். அடுப்புக்கு அது பத்தாது. ஸ்டவ்வும் பாத்திரமும் ஏறி உட்காருமே, அதுக்கும் சேர்த்துக் கழிக்கணும். ஷோரூம்காரங்க '34 அங்குலம்தான் சார் ஸ்டாண்டர்டு'ன்னு சொல்றப்போ, யாரோட உயரத்துக்கு ஸ்டாண்டர்டுன்னு கேளுங்க. பதில் வராது.

அதுக்காக பேப்பர்ல கணக்குப் போட்டு ஓகே சொல்லிடாதீங்க. செங்கல்லை அடுக்கி, மேல ஒரு பலகையைப் போட்டு, ஸ்டவ்வையும் நிஜக் குக்கரையும் வெச்சு, சமைக்கிறவங்களை நிக்க வெச்சு கரண்டியால கிண்டச் சொல்லுங்க. ஒரு செங்கல் ஏத்தி, ஒரு செங்கல் இறக்கிப் பாருங்க. சரியான உயரம் வந்ததும் சுவத்துல சாக்பீஸால கோடு. எங்க வீட்டுல கோடு விழுந்தது 28 அங்குலத்துல. சிங்க்கும் காய் நறுக்கற இடமும் 33.

உடனே ரெண்டு எதிர்ப்பு. முதல்ல கொத்தனார்: "யக்கா, 28-ல மேடை போட்டா கீழே சிலிண்டர் நிக்காதே!" கரெக்ட்தான். ரெகுலேட்டரோட சேர்த்தா சிலிண்டர் அந்த உயரத்துக்கு இடிக்கும். அதனால சிலிண்டர் பக்கத்துல இருக்கற உயர மேடைக்குக் கீழே போச்சு. ஸ்டவ் எப்பவும் சிலிண்டரைவிட மேலதான் இருக்கணும், டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல நீளக் கூடாது... ரெண்டும் இதுல அடங்கிடுச்சு. சிலிண்டர் இருக்கற அலமாரிக் கதவுல அடிப்பக்கம் ஓட்டை வைக்கச் சொல்லுங்க. சமையல் கேஸ் காத்தைவிட கனம். கசிஞ்சா தரையில தேங்கும். டியூபை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணுங்கிறதையும் கதவு உள்பக்கம் தேதி போட்டு எழுதி ஒட்டிடுங்க.

ரெண்டாவது எதிர்ப்பு அப்பா. "மேடை படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குமே... பார்க்க நல்லாவா இருக்கும்?"

"பார்க்கறவங்க ஹால்லயே உக்காந்துக்கட்டும்" - அம்மா.

கேஸ் க்ளோஸ்டு!

மத்ததெல்லாம் சின்னச் சின்ன மேட்டர். ப்ளைவுட்ல 710-னு முத்திரை இருக்கான்னு பாருங்க. அது தண்ணி தாங்கறது. 303-னு இருந்தா அது சாதா ரகமாகவும் இருக்கலாம், கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. முழு கிச்சனுக்கும் 710 கட்டுப்படி ஆகலைன்னா சிங்க்குக்குக் கீழேயாவது போட்டே ஆகணும். சிங்க் பக்கம் மேடைக்கு லேசா வாட்டம் இருக்கான்னு ரசமட்டம் வெச்சுப் பார்த்துடுங்க. இண்டக்ஷன் ஸ்டவ் 2,000 வாட்ஸ். 230 வோல்ட்டால வகுத்தா கிட்டத்தட்ட 9 ஆம்பியர். மிக்ஸிக்குப் போடற 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியர் தனியா இழுக்கணும். (ஃபர்ஸ்ட் இயர் எலெக்ட்ரிகல் பேப்பர் வாழ்க்கையில உதவின ஒரே இடம்!) அப்புறம் கிரைண்டர். எல்லா பிளான்லயும் ஓவனுக்கு இடம் இருக்கும், கிரைண்டருக்கு இருக்காது. அதை வாரத்துக்கு ரெண்டு தடவை யார் தூக்கி வைப்பாங்கன்னு யோசிச்சுப் பார்த்துட்டு பிளான்ல கையெழுத்துப் போடுங்க.

கிரானைட் வாங்கப் போறப்போ 'காஷ்மீர் ஒயிட்'னு ஒரு வெள்ளைக் கல்லைக் காட்டுவாங்க. பேரைக் கேட்டு மயங்காதீங்க. அது காஷ்மீர்ல இருந்து வரலை, நம்ம மேலூர் பக்கத்துக் கல்தான். அழகுதான், மறுக்கலை. ஆனா மஞ்சப்பொடி, புளி, சட்னி புழங்கற மேடையில வெள்ளைக் கல்லைப் போட்டா கறை துடைச்சே கை ஓஞ்சுடும். எங்க ஓட்டு கறுப்புக்குத்தான்.

பழைய கடப்பாக் கல்லை உடைச்சு வண்டியில ஏத்திடப் போறாங்க, உஷார்! கொல்லைப்பக்கம் நாலு செங்கல் மேல வெச்சா துணி துவைக்க, மீன் கழுவ சூப்பரா உதவும். புது மேடையில பால் காய்ச்சின பிறகும் சிலிகான் வாசம் போக ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு சிம்மக்கல்தான். ஞாயித்துக்கிழமைன்னா கொஞ்சம் சீக்கிரமே போயிடுங்க, இல்லேன்னா வாசல்லயே நிக்கணும்.