நலமடைந்தபின் நேரும் வீழ்ச்சியும் மேய்ப்புப்பணியும்

இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கியுள்ள சங்கரன்கோவிலை அறிந்தவர்கள் அதன் விசைத்தறிகளின் ஓசையையும் அறிவர். அவ்வட்டாரத்துச் சபையொன்றில் நான் ஆயராகப் பணியாற்றிய காலத்தில், தறித்தொழிலாளி ஒருவர் பல்லாண்டுக் குடிப்பழக்கத்தை விட்டொழித்தார். அவர் யாரென வெளிப்படாதவாறு சில விவரங்களை விலக்கியே எழுதுகிறேன். பதினான்கு மாதங்கள் அவர் மதுவைத் தொடவில்லை. வாரக் கூலியிலிருந்து வட்டிக்கடனைச் சிறிது சிறிதாக அடைத்து வந்தார். அவரைக் கண்டு ஒளிந்த பிள்ளைகள் அவருடன் உண்ண அமர்ந்தனர். ஸ்தோத்திரப் பண்டிகையன்று சாட்சி கூறும்படி அவரை மேடைக்கு அழைத்தவன் நானே. சபையார் கண்ணீருடன் கேட்டனர்.

அடுத்த மாதம், கடனின் கடைசித் தவணையைச் செலுத்திய அன்று மாலையே அவர் குடித்தார். அதன்பின் ஆலயத்துக்கு வரவில்லை. நான் அவர் வீட்டு வாசலை மிதித்ததோ இரண்டு மாதங்கள் கழித்துத்தான். “மேடையேறிச் சொன்ன வாயை வச்சுக்கிட்டு எந்த முகத்தோட கோயிலுக்கு வர, ஐயா?” என்றார் அவர். அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. அவருடைய வீழ்ச்சியில் என் மேய்ப்புப்பணிக்கும் பங்குண்டு என்பதைப் பின்னரே உணர்ந்தேன். நலமடைந்துவரும் மனிதன் நலமடைந்த வேளையிலேயே தன்னைக் கெடுத்துக்கொள்வது ஏன்? ஒருமுறை சறுக்கியது முழு வீழ்ச்சியாவது எவ்வாறு? திருச்சபை செய்யத்தக்கது யாது? இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. முன்னேற்றம் ஆபத்தாவது ஏன்?

துன்பத்தில் மனிதன் தவறுவான், நன்மை வந்தால் நிலைபெறுவான் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். அனுபவம் அவ்வாறு கூறவில்லை. 1916ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில் சிக்மண்ட் பிராய்டு, நெடுநாள் விரும்பியது கைகூடிய நேரத்தில் நிலைகுலைந்து போவோரைப் பற்றி ஆராய்ந்தார். அந்நன்மைக்குத் தாங்கள் தகுதியற்றவர்கள் என்று அவர்களது மனச்சான்று உள்ளே தீர்ப்பளிப்பதையே அவர் காரணமாகக் காட்டினார். அவரது மனித இயல் முழுவதையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும், மன்னிப்பைப் பிரசங்கிக்கும் நமக்கு இக்கூற்று அந்நியமானதன்று. ‘எனக்கு இவ்வளவு நன்மை தகாது’ என்று நம்புகிறவன், தெரிந்தோ தெரியாமலோ அந்நன்மையைத் தன் கையாலேயே உடைத்துவிடுகிறான்.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது. தீய பழக்கமும் ஒரு வேலையைச் செய்துவந்தது. பன்னிரண்டு மணி நேரம் தறியருகே நின்றவனுக்கு அது களைப்பை மறக்கச் செய்தது, கடன்காரனின் சொல்லால் பட்ட அவமானத்தை மழுங்கச் செய்தது, தோழமையைக் கொடுத்தது. பழக்கத்தை நீக்கும்போது அவ்வேலையைச் செய்ய வேறொன்று இல்லாமற் போகிறது. நம் தொழிலாளிக்குக் கடனடைப்பே பதினான்கு மாதங்களாக நாள்தோறும் எழுந்திருக்கும் காரணமாயிருந்தது. கடன் முடிந்தது; காரணமும் முடிந்தது. விடுதலை பெற்ற இஸ்ரவேலர் பாலைநிலத்தில் எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுததை எண்ணாகமம் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. அடிமைத்தனத்தின் செங்கல் அவர்கள் நினைவுக்கு வரவில்லை. அதன் உணவே வந்தது. நினைவு எப்போதும் அவ்வாறே தெரிந்தெடுக்கிறது.

மூன்றாவது, களைப்பு. கர்மேலில் பெருவெற்றி கண்ட எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின்கீழ்ப் படுத்துச் சாவை வேண்டுகிறார் (1 இராஜாக்கள் 19). வெற்றிக்காகத் திரட்டிய வலிமை, வெற்றிக்குப்பின் வடிந்துவிடுகிறது. ஆயர்களாகிய நமக்கும் இது பொருந்தும். பெரிய கூட்டங்கள் முடிந்த இரவில் நம்மில் எத்தனை பேர் காரணமற்ற கோபத்துக்கோ, கைப்பேசியின் பயனற்ற காட்சிகளுக்கோ, மறைவான வேறு பழக்கத்துக்கோ இடங்கொடுக்கிறோம் என்பதை நம் மனச்சான்றே அறியும். எலியாவுக்கு முதலில் அருளப்பட்டது கண்டனமன்று. உறக்கமும் அப்பமும் தண்ணீருமே. கேள்வி அதன்பின்னரே எழுந்தது.

2. வெறுமையான வீடு

அசுத்த ஆவி புறப்பட்டுப்போன வீட்டைக் குறித்த ஆண்டவரின் உவமை நம் பொருளுக்கு நேரானது. மத்தேயு 12ஆம் அதிகாரத்திலும் லூக்கா 11ஆம் அதிகாரத்திலும் அது காணப்படுகிறது. வீடு பெருக்கப்பட்டது, ஒழுங்குபடுத்தப்பட்டது என்று இருவரும் கூறுகின்றனர். அது வெறுமையாயும் இருந்தது என்ற குறிப்பை மத்தேயு திட்டமாய்த் தருகிறார். அங்கு வரும் ‘ஸ்கொலாட்சோ’ என்னும் கிரேக்க வினை, வேலையின்றி ஓய்ந்திருப்பதைக் குறிக்கும். அதாவது, அவ்வீட்டின் குறை அழுக்கன்று. அதில் குடியிருப்பவர் எவரும் இல்லாமையே. மேலும், மத்தேயுவில் இவ்வுவமை தனிமனிதனோடு முடியாமல் ஒரு தலைமுறைக்கே பொருத்தப்படுகிறது. ஆகவே, வீழ்ந்தவனை நோக்கி மட்டும் இதனைப் பிரசங்கிப்பது நேர்மையன்று. அவனைச் சூழ்ந்த சமூகமும் இதற்குச் செவிகொடுக்க வேண்டும்.

வெளிவாசலை அடைப்பது வேண்டியதே. அது மட்டும் போதாது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் மறுபடியும் தளர்ந்த மதுவிலக்கின் வரலாற்றை நம் மக்கள் அறிவர். பரிசுச்சீட்டு 2003இல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டது. பணம்வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடுக்க 2025இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் கடையை மூடலாம். மாலை ஆறு மணிக்குமேல் அம்மனிதன் எங்கே போவான், யாருடன் பேசுவான் என்ற கேள்விக்குச் சட்டம் விடை தராது.

3. சறுக்கலும் வீழ்ச்சியும்

நம் தொழிலாளி முதல்நாள் குடித்தது ஒரு சறுக்கல். அடுத்த இரண்டு மாதங்கள் குடித்தது வீழ்ச்சி. இவ்விரண்டும் ஒன்றல்ல. ஆலன் மார்லட், ஜூடித் கார்டன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவரும் 1985இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக விளக்கினர். முற்றும் விலகியிருப்பேன் என்று உறுதிபூண்டவன் ஒருமுறை தவறினால், அத்தவற்றுக்கு அவன் என்ன காரணம் கற்பிக்கிறான் என்பதே அடுத்து நிகழ்வதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ‘அன்று களைத்திருந்தேன், பழைய நண்பரோடு போனேன்’ என்று கருதுகிறவன், மறுமுறை காக்கவேண்டிய இடத்தை அறிகிறான். ‘நான் பிறவியிலேயே இப்படிப்பட்டவன்; எல்லாம் போயிற்று’ என்று கருதுகிறவனை வெட்கம் பிடிக்கிறது. அவ்வெட்கத்தை மறக்க அவன் அறிந்த மருந்தோ அதே மது. இவ்வாறு குற்றவுணர்வே அடுத்த கோப்பையை ஊற்றிக் கொடுக்கிறது.

இவ்வாறு கூறுவது பாவத்தை இலேசாக்குவதாகாதா என்று மாணவர் கேட்கலாம். தறியைக் கவனித்தால் விடை கிடைக்கும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெய்கிறவர் தறியை உடனே நிறுத்துகிறார். நிறுத்தாவிட்டால் அக்குறை துணியின் நீளமெங்கும் ஓடும். ஆகவே, அறுந்த இழையை அவர் இலேசாக எண்ணவில்லை. ஆயினும், ஓர் இழைக்காகப் பாவு முழுவதையும் அவர் வெட்டியெறிவதில்லை. முடிந்து, அச்சில் கோத்து, மறுபடி ஓட்டுகிறார். விரைவில் நிறுத்துவதே பாவத்தைப் பெரிதாய் எண்ணுவதற்கு அடையாளம். விரக்தியடைந்து ஓடவிடுவது அதற்கு நேர்மாறானது.

கலாத்தியர் 6:1இல், தவற்றில் அகப்பட்டவனைச் சீர்ப்படுத்துமாறு பவுல் கட்டளையிடும்போது ‘கதர்த்திட்சோ’ என்னும் வினையை ஆளுகிறார். மாற்கு 1:19இல் செபெதேயுவின் மைந்தர் வலைகளைப் பழுதுபார்த்ததைக் குறிக்கும் வினையும் அதுவே. கிழிந்த வலையை மீனவன் சபிப்பதில்லை, கரையிலமர்ந்து தைக்கிறான்.

புனித அகுஸ்தினார் தம் ‘அறிக்கைகள்’ நூலின் ஆறாம் பகுதியில் தம் நண்பர் அலிப்பியுவைக் குறித்து எழுதியுள்ளார். கார்த்தேஜில் பந்தயக் காட்சிகளின் மோகத்திலிருந்து விடுபட்ட அலிப்பியு, உரோமை நகரில் நண்பர்களால் வாட்போர் அரங்குக்கு இழுத்துச் செல்லப்பட்டார். கண்களை மூடிக்கொண்டால் போதும் என்று நம்பினார். கூட்டத்தின் ஆரவாரம் செவிவழியே நுழைந்தது, கண்கள் திறந்தன, பழைய மோகம் முன்னிலும் கொடிதாய்ப் பற்றிக்கொண்டது. தன் உறுதியையே நம்பியவர், தாம் காவாத வாசல் வழியே தோற்றார். எனினும், அவர் கதை அங்கே முடியவில்லை. பின்னாளில் அவர் தகாஸ்தே நகரின் பேராயரானார்.

4. இருவர் சந்தித்த வீடு

1935ஆம் ஆண்டு மே மாதம், ஏறத்தாழ ஐந்து மாதங்களாகக் குடியை விட்டிருந்த பில் வில்சன் என்னும் வணிகர், தொழில் தோல்வியுடன் அமெரிக்காவின் அக்ரன் நகரத்து விடுதியொன்றில் தனித்து நின்றார். மதுக்கூடத்தின் ஒலி அருகே கேட்டது. அவர் திருச்சபைகளின் பட்டியலைப் பார்த்து, முன்பின் அறியாத ஓர் ஆயருக்குத் தொலைபேசியில் பேசினார். அவ்வழியே மற்றொரு குடிநோயாளியான மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். பாப் குடியை விட்டார். ஆயினும் சில வாரங்களில் மருத்துவர் மாநாடொன்றுக்குச் சென்றவர் குடித்துத் திரும்பினார். பில் அவரைத் தள்ளவில்லை, அருகிலிருந்து தேற்றினார். 1935 ஜூன் 10க்குப் பின், 1950இல் இறக்கும்வரை பாப் குடிக்கவில்லை. ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் தோழமை அந்த நாளையே தன் தொடக்கமாகக் கொள்கிறது. அத்தோழமையின் தொடக்கத்திலேயே ஒரு சறுக்கல் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

நம் நாட்டில், கணவரை மதுவால் இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தோற்றுவித்த டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம், நோயாளியோடு குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்கிறது. வீடு திரும்பியபின் வாழவேண்டியவர் அவர் ஒருவர் மட்டுமல்லர் என்ற அறிவே அதன் அடிப்படை.

5. சபை செய்யத்தக்கவை

முதலாவது, மருத்துவம். நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஜெபிப்போம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம்.

இரண்டாவது, புதிதாய் விடுதலை பெற்றவரை மேடையேற்ற அவசரப்படாதிருப்போம். சாட்சி நன்று. ஆனால், முழு வெற்றியையே சொல்லவேண்டிய இடத்தில் நிறுத்தப்பட்டவர், மறுவாரம் தம் போராட்டத்தைச் சொல்ல இடமின்றிப் போகிறார். மேடைக்கு முன்னர் அவருக்கு வேண்டியது, உள்ளதை உள்ளபடி பேசத்தக்க இருவர் அல்லது மூவர்.

மூன்றாவது, ஆபத்தான நாள்களை அவருடன் அமர்ந்து முன்கூட்டியே எண்ணுவோம்: கூலி வாங்கும் நாள், ஊர்த் திருவிழா, திருமண வீடு, துக்க வீடு, கடன் முடியும் நாள். நல்ல நாள்களை இப்பட்டியலில் சேர்க்கத் தவறுவதே நம் வழக்கமான பிழை. அந்நாளின் மாலையில் அவருடன் இருப்பவர் யார் என்று பெயர் குறித்து வைப்போம்.

நான்காவது, பொறுப்பொன்றைக் கொடுப்போம். வெறுமையான வீட்டில் குடியேற்றப்படவேண்டியது அறிவுரையன்று. அன்பும் வேலையும் தோழமையுமே.

ஐந்தாவது, சறுக்கினார் என்று கேள்விப்பட்ட நாளிலேயே செல்வோம். இரண்டு மாதங்கள் காத்திருப்பது, தறி ஓடிக்கொண்டிருக்க நாம் பார்த்து நிற்பதாகும்.

அத்தொழிலாளியிடம் நான் மீண்டும் மீண்டும் சென்றேன். “பதினாலு மாசம் வீணாப் போச்சே, ஐயா” என்பார். அம்மாதங்கள் அழியவில்லை, நெய்த துணி நெய்ததே, அறுந்த இடத்தில் முடிச்சிடுவோம் என்று நான் சொன்னதை அவர் நம்பப் பல வாரங்கள் ஆயின. பின்னர் ஒரு ஞாயிறன்று அவர் ஆலயத்தின் கடைசி வரிசையில் வந்து அமர்ந்தார். அன்று நான் அவரை மேடைக்கு அழைக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் அவர் அருகே சென்று அமர்ந்தேன்.