செழித்த பூச்செடி திடீரென மடிவது ஏன்?

பினாங்கில், ஜார்ஜ் டவுன் குயின் வீதியில், 1833ஆம் ஆண்டில் கோயிலாக விரிவடைந்த ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தின் சுற்றுப்புறத்திலே மல்லிகையையும் செவ்வந்தியையும் கண்டு, வீட்டிலும் ஒரு தொட்டியில் அவற்றை வளர்க்க ஆசைகொள்ளும் அன்பர்கள், நேற்றுவரை செழித்து நின்ற செடி திடீரென வாடிச் சாய்வதற்குக் காரணம் தண்ணீர்க்குறைவே என்றெண்ணி மேலும் தண்ணீர் வார்ப்பது வெகு பரிதாபம்; அது சத்துருவுக்கே துணைசெய்வதாகும்.

அந்தச் சத்துரு, ஸ்கிளரோஷியம் ரால்ஃப்ஸி என்னும் பூஞ்சணம். 1892ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தக்காளிச் செடியில் இந்நோயைக் கண்டு விவரித்த ரால்ஃப்ஸ் என்பவரின் பெயரையே இது தாங்குகிறது. கார்னேஷன், செவ்வந்தி, மல்லிகை முதலாக 500க்கு மேற்பட்ட தாவர வகைகளை இது தாக்கும்.

எவ்வாறு கொல்கிறது? மண்மட்டத்தில் தண்டைச் சுற்றி வெண்ணிற இழைகளாகப் படர்ந்து, ஆக்ஸாலிக் அமிலத்தைச் சுரந்து, செல்சுவர்களைப் பிணைத்து நிற்கும் கால்சியத்தைக் கவர்ந்து, பின்னர் தன் நொதிகளால் அச்சுவர்களையே கரைத்துவிடுகிறது. வேரிலிருந்து நீர் மேலேறும் மார்க்கம் அறுந்துபோகவே, ஈரமண்ணில் நின்றும் செடி தாகத்தால் மடிகிறது. அதன்பின் கடுகைப்போன்ற பழுப்பு உருண்டைகளை உண்டாக்கி, அந்த ரூபத்தில் பல வருஷங்கள் மண்ணில் காத்துக்கிடக்கிறது.

27 முதல் 30 டிகிரி உஷ்ணமும் ஓயாத ஈரமும் இதற்கு மிக அனுகூலம். பினாங்கின் சீதோஷ்ணம் ஏறக்குறைய அதுவே. கேமரன் மலையின் குளிர்ச்சியில் சுகமாக வளரும் கார்னேஷன், இத்தீவின் வெப்பத்தால் முன்னமே நலிந்திருக்கையில் தாக்குண்டால், பிழைப்பது அரிது என்பதே என் அபிப்பிராயம்.

ஆதலால், நோயுற்ற செடியை அடிமண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணை வேறு தொட்டிக்கு மாற்றாதீர்கள். நீர் நன்கு வடியும் புதுமண்ணில், ட்ரைகோடெர்மா என்னும் நன்மைசெய்யும் பூஞ்சணத்தைக் கலந்து நடுங்கள்.