உஷார்! அந்த எக்செல் ஷீட்டை ஃபார்வர்டு செய்யாதீர்கள்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தொழில் செய்கிறவர்களே, கொஞ்சம் கவனியுங்கள். பிசினஸ் மீட் முடிந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் ஓர் எக்செல் ஷீட் வந்து விழுகிறதே, ஆபத்து அதில்தான் இருக்கிறது. வந்திருந்தவர்களின் பெயர், கம்பெனி, பதவி, செல் நம்பர், மெயில் ஐடி எல்லாம் வரிசையாக இருக்கும். ‘நாலு பேருக்கு உதவட்டுமே’ என்று ஒருவர் தட்டிவிட, ராத்திரிக்குள் அது முகம் தெரியாதவர்களின் குரூப்புகளில் எல்லாம் சுற்றும்.

லோன் வேண்டுமா, இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று வரும் போன்கள் வெறும் தொல்லை. அதே ஷீட் மோசடிக்காரன் கையில் சிக்கினால் என்ன ஆகும்?

யார் சரக்கு ஃபார்வர்டர், யார் கஸ்டம்ஸ் புரோக்கர், எந்தக் கம்பெனியில் யார் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார் என்று அவன் தேடி அலைய வேண்டியதே இல்லை. ஃபார்வர்டரின் மெயில் முகவரியைப் போலவே இன்னொன்றைத் தயார் செய்வான். ஆங்கில ‘எம்’ இருக்கும் இடத்தில் சின்ன ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிப் போட்டால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் வரும்: ‘எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, டெலிவரி ஆர்டர் சார்ஜைப் புதுக் கணக்கில் போடவும்.’ கண்டெய்னர் நிற்கிறது, டிடென்ஷன் கட்டணம் ஏறுகிறது, திங்கட்கிழமை ஃபாக்டரிக்குச் சரக்கு போயாக வேண்டும். அந்த நேரத்தில் எந்த அக்கவுண்டன்ட் முகவரியை எழுத்து எழுத்தாகப் படிப்பார்? துறைமுகத் தொழிலின் அவசரம்தான் அவனுக்கு மூலதனம்.

சின்ன கம்பெனிகள்தான் ஏமாறும் என்று எண்ண வேண்டாம். 2013 முதல் 2015 வரை கூகுளும் ஃபேஸ்புக்கும் தைவான் சப்ளையர் பெயரில் வந்த போலி பில்களை நம்பி 10 கோடி டாலருக்கு மேல் அனுப்பின. அதைச் செய்த லிதுவேனியாக்காரருக்கு 2019-ல் 5 ஆண்டு சிறை கிடைத்தது.

சட்டமும் சும்மா இல்லை. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன; முக்கியக் கடமைகள் 18 மாதத்தில் அமலாகின்றன. விசிட்டிங் கார்டு காகிதம்தானே என்று தப்பிக்க முடியாது. அதில் உள்ளதை கம்ப்யூட்டரில் ஏற்றினால் அதுவும் சட்டத்துக்குள் வரும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

மீட்டிங் நடத்துகிற சங்கத்தாரே, பதிவு செய்யும்போதே ‘உங்கள் நம்பரை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா?’ என்று தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றவர் பெயரை லிஸ்ட்டில் சேர்க்காதீர்கள். கேட்காமல் யாரையும் குரூப்பில் போடாதீர்கள். போட்ட அந்த நிமிஷமே அவர் நம்பர் அத்தனை பேர் கையிலும் போய்விடும். மொத்தமாக மெயில் அனுப்பினால் முகவரிகளை ‘பிசிசி’யில் போடுங்கள். வேலை முடிந்ததும் ஷீட்டை அழித்துவிடுங்கள்.

கார்டு வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை நம்பிக் கொடுத்த நம்பர் அது, உங்கள் மச்சானின் சிட் கம்பெனிக்கு ஆள் பிடிக்க அல்ல.

பேங்க் கணக்கு மாறியதாக மெயில் வந்தால், அந்த மெயிலில் இருக்கும் நம்பரை நம்பாதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பழைய நம்பரில் கூப்பிட்டு, தெரிந்த குரலைக் கேட்ட பிறகே பணம் போடுங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்க, பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும்.