ரௌட்டரைத் திட்டாதீங்க

பேர்லேண்ட்ல சனி ராத்திரின்னா மதுரையில ஞாயிறு காலை; அம்மா லேப்டாப்ல பாட்டியைக் கூப்பிடுற நேரம். வாராவாரம் கால் அறுந்துச்சு. 'பேச நேரமில்ல போல'ன்னு பாட்டிக்கு மனவருத்தம்.

அதே மேஜையில என் போன் நல்லா ஓடிச்சு. அப்போ ரௌட்டர் மேல குத்தமில்லையே! லேப்டாப்பை ஒட்டி, போட்டோ பேக்கப் ஓடிட்டிருந்த யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க். கழட்டினேன், கால் நின்னுச்சு.

யூஎஸ்பி 3.0 ஓடும்போது அதன் கேபிளும் கனெக்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ் திணறுறதும் இதனாலதான் இருக்கலாம்.

டிஸ்க்கை நல்ல கேபிள் போட்டு ரெண்டு மூணு அடி தள்ளி வைங்க. இல்லன்னா லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. அது ரெண்டு சுவர் தாண்டினா தளர்ந்துடும். மாடி அறைக்காரங்களுக்கு கேபிள்தான் வழி.