சீதா இங்கே... ராமர் எங்கே?

மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் போர்ஷனுக்குப் பின்னால் ஒரு சீதாப்பழ மரம். ஐந்து வயசு. சித்திரை பிறந்தால் பச்சையும் மஞ்சளுமாகப் பூத்துத் தொங்கும். இரண்டொரு நாளில் அத்தனையும் உதிர்ந்து கிணற்றடியில் கிடக்கும். பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போன ஹவுஸ் ஓனர் மாமி ஒரு நாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ''பூக்கத் தெரியறது, காய்க்கத் தெரியலையே! வர்ற தைக்குள்ளே ஒரு காயாவது விடலைன்னா வெட்டிட்டு, ஸ்கூட்டர் நிறுத்த ஷெட் போட்டுடப் போறேன்.''

ஸ்கூட்டர் என்னுடையதுதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

விசாரித்ததில் தெரிந்தது: தப்பு மரத்தின் மேல் இல்லை, டைமிங்கில். ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் குடித்தனம். ஆனால் பகல் ஷிப்ட் மனைவி, நைட் ஷிப்ட் கணவன் கதைதான். இதழ்கள் லேசாக விலகும்போதே பெண் பாகம் தயார், பிசுபிசுவென்று மின்னும். அப்போது மகரந்தம் வெளிவராது. பிறகு மூன்று இதழும் விரிந்து மகரந்தம் உதிரும்போது பெண் பாகம் காய்ந்து போயிருக்கும். சீதா அசோகவனத்தில், ராமர் அக்கரையில்! பி.காம். பாஷையில் சொன்னால், இன்றைக்கு டெபிட், நாளைக்கு கிரெடிட். லெட்ஜர் எப்படி டேலி ஆகும்?

இந்த ராமாயணத்தில் அனுமார் ஒரு பொடி வண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அழுகிய பழ வாசனைக்கு ஓடி வரும். விரிந்த பூவில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த பூவின் இடுக்கில் நுழையும். அடையாறில் ஒரு நண்பன் வீட்டுத் தோட்டத்தைப் பெருக்கியே பல வருஷம் ஆகிறது. சருகும் அழுகலுமாகக் கிடக்கிறது. அங்கே மரம் காய்த்துத் தள்ளுகிறது! எங்கள் மாமியோ இரண்டு வேளை பெருக்கி ப்ளீச்சிங் பவுடர் போடுகிறவர். அனுமார் எப்படி வருவார்? போதாக்குறைக்கு அக்னி நட்சத்திர வெயிலில் பெண் பாகம் சீக்கிரமே உலர்ந்துவிடும். ஒரு மழை பெய்து காற்றில் ஈரம் வந்தால்தான் காய் பிடிக்க நல்ல வாய்ப்பு.

சரி, நாமே அனுமார் ஆகிவிட்டால்? 1841-ல் ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியூஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு சின்னக் குச்சியை வைத்து வனிலாப் பூவுக்கு இதைத்தான் செய்தான். வனிலாத் தோட்டங்களில் இன்றைக்கும் அவன் காட்டிய வழிதான். பாண்டி பஜாரில் ஒரு வாட்டர் கலர் பிரஷ் வாங்கி, ஆனியில் ஒரு மழை பெய்ததும் ஆரம்பித்தேன்.

நன்றாக விரிந்த பூக்களைத் தட்டி, மகரந்தத்தை ஒரு காலி விபூதி டப்பாவில் சேகரிக்க வேண்டும். காலையில், லேசாக வாய் திறந்த பூவின் இதழை மெல்ல விலக்கி, நடுவிலுள்ள கூம்பைச் சுற்றிலும் தடவ வேண்டும். 'சுற்றிலும்' முக்கியம். சீதாப்பழம் ஒற்றைப் பழமல்ல, பல குட்டிப் பழங்களின் கூட்டுக் குடும்பம். மகரந்தம் படாத பக்கம் வளராமல் பழம் கோணிக்கொள்ளும்.

ஆபீஸ் கிளம்புமுன் தினம் பத்து நிமிஷம். ''என்ன சார், பூவுக்குப் பெயின்ட் அடிக்கிறீங்களா?'' என்றார் மாடி வீட்டுக்காரர்.

நாற்பது பூவில் பதினொன்று பிடித்தது. ஐப்பசியில் பழுத்தன. உருண்டையாகப் பத்தை மாமி எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் சப்பையான பதினொன்றாவதை என்னிடம் நீட்டினார்.

''இது நீ பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடின அன்னிக்குப் பண்ணினதுப்பா. நீயே சாப்பிடு.''

பஸ்தான். ஸ்கூட்டர் வெயிலில் நின்று நின்று அன்றைக்கு ஸ்டார்ட் ஆகவில்லை.